வெட்டு பாடும் நேரம்

எங்கள் வீட்டில் பிறந்த பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்கக் கூடாது. கேட்டால் வயிற்றில் பிள்ளை தங்காது என்பார்கள். கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் கேட்கலாம், ஊர்ப் பெண்கள் கேட்கலாம், வேடிக்கை பார்க்க பூதப்பாண்டியிலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறவர்களும் கேட்கலாம். இந்த வீட்டில் பிறந்தவளுக்கு மட்டும் தடை. அதனால் கொடை அன்று, அதாவது அம்மன் கோயில் திருவிழா அன்று, உச்சி நேரத்தில் எங்களை உள்ளே விட்டுக் கதவை வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் எனக்கு அது ஒரு மரியாதை மாதிரித்தான் தோன்றியது. அம்மனுக்கு நாங்கள் அவ்வளவு வேண்டியவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் புத்தி அப்படி.

அம்மன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபுரமும் கொடிமரமும் வேண்டுமென்றால் பூதப்பாண்டிக்குப் போய்க்கொள்ளலாம். எங்கள் அம்மன் வயலுக்கு நடுவே, வாய்க்கால் கரையில் நிற்கிறாள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய உருவம். பிதுங்கிய கண், விரித்த முடி, இடது கையில் ஒரு பிள்ளை. முன்பெல்லாம் மழையும் வெயிலும் அவள் மேல்தான் விழும். பிறகு வளைகுடாவுக்குப் போன பையன்கள் சேர்ந்து கான்கிரீட் போட்டு, தரையில் வழுக்குகிற டைல்ஸ் ஒட்டி, கம்பிக் கதவும் வைத்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் லாக்கப்பில் நிற்பதுபோல் இருக்கிறது.

அந்த அம்மன் எங்கள் வீட்டுப் பெண். தலைமுறைகளுக்கு முன்னால் பிறந்த ஒருத்தி, தண்ணீர் எடுக்கக் குளத்துக்குப் போனவள், அப்படியே சோதியாகிக் குளத்தில் கலந்துவிட்டாள், குடம் மட்டும் மிதந்தது. வீட்டில் எங்களுக்குச் சொன்ன கதை அவ்வளவுதான். ஏன் கலந்தாள் என்று கேட்டால், “சாமி காரியம், பேசாண்டாம்” என்பாள் அம்மை. சோதியில் கலந்தவளுக்குக் கண் ஏன் அப்படிப் பிதுங்க வேண்டும், அவள் முன்னால் ஏன் அத்தனை ஆடு வெட்ட வேண்டும், வருசா வருசம் அப்பா ஏன் அடி வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்றெல்லாம் கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

அடி என்றால் விளையாட்டு அடி இல்லை. கொடை அன்று பிறந்த வீட்டுச் சீர் எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். தாம்பாளத்தில் சிவப்புச் சேலை, வளையல், மஞ்சள், ஒரு செம்பு நிறையக் கஞ்சி. வீட்டின் மூத்த ஆண் அதைச் சுமந்துகொண்டு சட்டையில்லாமல் அம்மன் முன்னால் நிற்பார். வில்லுப்பாட்டில் ‘வெட்டு’ என்கிற பகுதி வரும்போது சாமியாடி பிரம்பை எடுத்து அவர் முதுகில் வீசுவார். வெட்டு தொடங்குவதற்கு முன்னால் மைக் செட்டை அணைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் காதில் விழக் கூடாதல்லவா. காலையிலிருந்து காதைப் பிய்த்த ஒலிபெருக்கி சட்டென்று நின்றுபோகும். தாழ் போட்ட வீட்டுக்குள் நாங்கள் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பிறகு அப்பா வருவார். முதுகெல்லாம் தடித்துச் சிவந்திருக்கும், சில இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் கசியும். அம்மை தேங்காய் எண்ணெய் தடவுவாள். அப்பா ஒரு முனகல் முனக மாட்டார். சாயங்காலத்துக்குள் எங்களில் ஒருவர் ஏதாவது தப்புச் செய்வோம், அல்லது செய்ததாக அவருக்குத் தோன்றும். அம்மனிடம் வாங்கியதை எங்களிடம் கொடுத்துத் தீர்ப்பார். என் இரண்டு அண்ணன்மாரையும் ஒரு கொடை அன்று தென்னை மட்டையால் அடித்த அடியில் சின்னவனுக்குக் காதில் சீழ் வைத்தது. அண்ணன்மார் வளர்ந்ததும் அவர்கள் கையும் அதே மாதிரி நீண்டது. எங்கள் வீட்டில் கைநீளம் பரம்பரைச் சொத்து.

எனக்குக் கல்யாணமாகி, கணவர் இறந்து, நான் பிறந்த வீட்டின் பக்கத்து அறைக்கே திரும்பி வந்தேன். நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்து, அடி வாங்குகிற முறை பெரிய அண்ணனுக்கு வந்திருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. ‘பாட்டைக் கேட்டிருப்பா’ என்று ஊரில் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கேட்காமலேயே அந்தப் பெயரை வாங்கியவள் நான்.

கேட்கிற நாளும் வந்தது. ஊர்ப் பையன்கள் கொடையைப் போனில் பிடித்து யூடியூபில் போட்டிருந்தார்கள். மைக்கை அணைத்தால் என்ன, போன் பக்கத்தில்தானே இருக்கிறது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். இழக்க எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. பாடியது ஒரு பெண் புலவர். வாட்டசாட்டமான உடம்பு, வெற்றிலை போட்ட வாய், வீசுகோலை வில்லில் அடித்தால் பஸ் கண்ணாடியே அதிர்கிற மாதிரி இருந்தது.

பாட்டில் அவள் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் வேலைக்கு வந்த ஒருவனோடு ஊரை விட்டுப் போகிறாள். அண்ணன்மார் இரண்டு பேரும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது அவளுக்கு வயிறு தெரிகிற மாசம். அவர்கள் சண்டை போடவில்லை. சேலையும் வளையலும் கொடுக்கிறார்கள். மூத்தவன் அழுகிறான். ‘அம்மை சாகக் கிடக்கா மக்கா. உன் கையால ஒரு வாய் கஞ்சி குடிச்சாத்தான் கண்ணடைவா’ என்கிறான். அவள் நம்பிப் புறப்படுகிறாள். வழியெல்லாம் அம்மையைப் பற்றியே கேட்டுக்கொண்டு நடக்கிறாள். வாய்க்கால் கரைக்கு வந்ததும் தாகம். குனிந்து கையில் தண்ணீரை அள்ளும்போது சின்னவன் முடியைச் சுற்றிப் பிடிக்கிறான். பெரியவன் வெட்டுகிறான். ஒரே வெட்டில் தலை போகவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தப் புலவர் வில்லில் ஒரு அடி கொடுக்கிறாள். நடுவில் அவள் கும்பிட்டுக் கேட்கிறாள், பிள்ளை பிறக்கிறவரை பொறுங்கள், பிறகு நானே வந்து நிற்கிறேன் என்று. பெரியவன் கையை ஓங்கியபடி, அந்தப் பிள்ளைக்காகத்தானே வெட்டுகிறோம் என்கிறான்.

உடம்பைச் சேற்றில் மிதித்துத் தாழ்த்திவிட்டு அவர்கள் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கத்தியைக் கழுவுகிறார்கள். அம்மைக்கு ஒரு நோயும் இல்லை. மகன்கள் சொன்னதால் படுத்திருந்தவள், கத்தி கழுவுகிற சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் பிள்ளை நிற்கவில்லை, மாடு தரிக்கவில்லை, நெல் பதராகிறது. பயந்துபோய் அந்த அண்ணன்மாரே வெட்டின இடத்தில் அவளுக்கு உருவம் வைத்துக் கும்பிடுகிறார்கள். எங்கள் கோயிலின் வரலாறு இது. கொன்றவர்கள் பயத்தில் கட்டியது. கஞ்சிச் செம்பு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வடசேரியில் இறங்கிக் கடைக்கு நடந்தேன். வழியிலேயே கோபம் வந்தது. எத்தனை வருசம் தாழ் போட்ட கதவுக்குள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம். எதை மறைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒரு பெண்ணை எப்படி ஏமாற்றிக் கூப்பிடுவது என்கிற வித்தையைத்தான் பெண்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் சும்மா.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய அண்ணனிடம் நேராகவே கேட்டேன்.

“நம்ம வீட்டு ஆளுங்க அவளை வெட்டித்தான் கொன்னாங்களா?”

“எவன்ட்டி சொன்னது?”

“பாட்டே சொல்லுது.”

குழம்புக் கையோடு அறைந்தார். கன்னத்தில் வழிந்த புளிக்குழம்பை நான் துடைக்கவில்லை. “புலவன் கெட்டிவிட்டதை நம்புவா இவ. நம்ம வீட்டுப் பொண்ணு சோதில கலந்தவ” என்றார். அடுத்த மாதம் கோயில் சுவரில் ஸ்தல வரலாறு என்று ஒரு பலகை தொங்கியது. அதில் அவள் பார்வதியின் அம்சம் ஆகியிருந்தாள். அறை விழுந்த அன்று மைனி, அதாவது அவர் மனைவி, கீழே சிந்திய சோற்றை எடுத்துவிட்டு வேறு சோறு போட்டாள். அந்த வீட்டில் மைனி வாய் திறந்து நான் பார்த்தது உப்பு போதுமா என்று கேட்கத்தான்.

பெரிய அண்ணன் மகள் நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சிரித்தால் இரண்டு தெரு கேட்கும். அந்தச் சிரிப்புக்கே அப்பனிடம் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் அவள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. கடற்கரைப் பக்கத்து கத்தோலிக்கப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு களியக்காவிளையில் வாடகை வீடு எடுத்துவிட்டாள். பையனுக்கு விசைப்படகில் வேலை. போனால் கடலில் பல நாள் தங்கித்தான் வருவான்.

செய்தி வந்த அன்று பெரிய அண்ணன் அவளுடைய துணிகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளை உலக்கையால் நசுக்கினார். பிறகு பிள்ளை வளர்த்த லட்சணம் என்று மைனியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் நடுவே போய் விழுந்ததில் எனக்கு உதடு கிழிந்தது. சின்ன அண்ணன் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை, அவனும் இறங்கி வந்துவிட்டான். இரண்டு பேருமாக வண்டியில் களியக்காவிளைக்குப் போய், வீடு தெரியாமல் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்ததும் அடி மறுபடி மைனிக்குத்தான்.

மாதங்கள் போயின. கொடை நெருங்கியபோது பெரிய அண்ணன் திடீரென்று சாந்தமாகிவிட்டார். என்னிடம் வந்து, “கடையிலேருந்து நல்ல சேலையா ஒண்ணு எடுத்துட்டு வா. மகளுக்கு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சையில் தங்கக் கரை போட்ட ஒரு சேலையை நானே தேடி எடுத்தேன். வயதாகிறது, மனசு இறங்கிவிட்டது என்று அவருக்காக நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவளோடு வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தனுப்பினார்.

கொடைக்குச் சில நாள் முன்னால் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் அண்ணன் யாரிடமிருந்தோ மகளின் எண்ணை வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார். குரல் உடைந்தது. அழுதார்.

“அம்மை சாகக் கிடக்கா மக்கா. உன் கையால ஒரு வாய் கஞ்சி குடிக்கணும்னு கெடக்கா. கொடைக்கு வா. உச்சிக்கு வந்துரு, அப்ப ஊரெல்லாம் கோயில்ல நிக்கும், உன்ன ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்ல மாட்டான். தனியா வா, பாத்துட்டுப் போயிரு.”

சாகக் கிடக்கிறவள் என் எதிரே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் மைனியைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. துருவிக்கொண்டே இருந்தாள். விரல் முட்டி துருவியின் பல்லில் பட்டுத் தேங்காய்ப்பூ சிவந்தது, அதற்கும் நிறுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

பின்பக்கம் போய், அண்ணனுக்குத் தெரியாமல் அவள் எனக்குக் கொடுத்திருந்த எண்ணில் அண்ணன் மகளைக் கூப்பிட்டேன்.

“மக்கா, வராதே. உங்க அம்மைக்கு ஒரு கேடும் இல்ல. தேங்கா துருவிட்டு நிக்கா.”

“அப்பா அழுதாரு அத்தை. அப்பா அழுது நான் கேட்டதே இல்ல. அம்மைட்ட போனக் குடுங்க.”

உள்ளே ஓடி மைனியிடம் நீட்டினேன். கூடத்தில் அண்ணன் செருமுகிற சத்தம் கேட்டது. மைனி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள், போனைத் தொடவில்லை. மறுமுனையில் பெண் அழ ஆரம்பித்தாள்.

“பேசக்கூட முடியல்லியா அவளுக்கு?”

“அப்படி இல்லட்டி. நான் ஒரு பாட்டு அனுப்புதேன். கொடைல பாடுற வெட்டு. அதக் கேளு, உனக்கே தெரியும்.”

அவள் அழுகையை நிறுத்தினாள். “அத்தை, நான் மாசமா இருக்கேன். எங்கிட்டயா அதக் கேக்கச் சொல்லுதிய?”

“கேக்காண்டாம், நான் சொல்லுதேன். அந்தப் பாட்டுல அவ அண்ணன் வந்து...”

“சொல்லாதீங்க. உங்களுக்குப் பிள்ள இல்லன்னா எனக்கும் வேண்டாமா?”

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் போகவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தாள். ரத்தத்தில் எத்தனை அணு என்று எண்ணத் தெரிந்த பெண், பாட்டுக் கேட்டால் கரு கலையும் என்று நம்பினாள். அவளைச் சொல்லி என்ன, எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுப்பது அது. அவள் கணவனைக் கூப்பிட்டேன், கடலில் இருந்தான், கிடைக்கவில்லை. போலீஸ் நிலையத்தில் சொன்னேன். “மகளைக் கொடைக்குக் கூப்பிட்டா அது குத்தமாம்மா?” என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

கொடை அன்று காலையில் சின்ன அண்ணன் தென்னந்தோப்பில் ஒரு குழி வெட்டினான். தென்னம்பிள்ளை வைக்க என்றான். தென்னம்பிள்ளை எங்கேயும் காணோம். குழியும் அதற்கு நீளம் கூடுதல். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து வெட்டுகத்தியைத் தீட்டினான். பெரிய அண்ணன் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். ஊரே பார்க்க அவர் அம்மன் முன்னால் நிற்பார். வீட்டில் தம்பி பார்த்துக்கொள்வான். என்னை உள்ளே விட்டு முன்வாசலை வெளியே தாழ் போட்டார்கள். அண்ணன் சொன்னபடி மைனி கட்டிலில் படுத்திருந்தாள்.

பின்கதவுக்கும் வெளித்தாழ் இருந்தது. சின்ன அண்ணன் தோப்பில் இருந்தான், ஒலிபெருக்கி இரைச்சலில் அவனுக்குக் கேட்காது என்று உலக்கையை எடுத்து இடித்தேன். பழைய பலா மரக் கதவு, சீக்கிரம் விடவில்லை. கை கிழிந்தது. கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயும் எந்திரிச்சு வா மைனி” என்றேன். அவள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். பாட்டில் வருகிற அதே அம்மை. அந்த நிமிடத்தில் அண்ணன்மாரை விட அவள்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது. ஓங்கி மிதிக்கலாம் போலிருந்தது. அதற்கு நேரமில்லை.

ஊருக்குள் வர இரண்டு வழி. ஒன்று வாய்க்கால் கரை, இன்னொன்று குளத்து வரப்பு. நான் ஒரு வழியில்தான் போய் நிற்க முடியும். ஆனால் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கி இரண்டு வழிக்கும் கேட்கும். கோயிலுக்கு ஓடினேன்.

பாட்டு வெட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மைக் செட்காரர் நரைத்த மனிதர், வழக்கமாக எங்கள் ஊருக்கு வருகிறவர்தான். அவர் கை சுவிட்சுக்குப் போயிற்று. அம்மன் முன்னால் ஆடு வெட்டிவிட்டு மண்ணில் குத்தி வைத்திருந்த அரிவாளைப் பிடுங்கி நான் அவருக்கும் பெட்டிக்கும் நடுவே நின்றேன். ரத்தம் பிடியில் பிசுபிசுத்தது.

“அணைக்காதீங்க.”

“அக்கா, உங்க அண்ணன் என்னக் கொன்னுருவாரு.”

“தொட்டா நான் கைய வெட்டுவேன்.”

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். புலவர் என்னைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். வெட்டுக்கு வந்துவிட்டால், வெட்டுப்பட்டவள் அம்மனாக எழுந்திருக்கிறவரை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் தொழில் முறை. அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். முதல் தடவையாக எங்கள் வீட்டுக் கதை ஊர் முழுக்க, வயல் முழுக்க, மலையில் மோதித் திரும்பிக் கேட்டது. மூத்தவன் அழுதான். அம்மை சாகக் கிடந்தாள். ஒரு வாய் கஞ்சி கேட்டாள்.

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. தாம்பாளத்தோடு வந்து அதே தாம்பாளத்தால் என் நெற்றியில் அடித்தார். கஞ்சியும் வளையலும் சிதறின. கண்ணில் ரத்தம் இறங்கியது. நான் பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். முடியைப் பிடித்து இழுத்தார், வயிற்றில் மிதித்தார், நான் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் கிட்டே வரவில்லை. பிறந்த வீட்டு ஆளும் பெண்ணும் வெட்டு பாடும் நேரத்தில் கத்திப் புரண்டால் அது அருள் வந்த கூத்துதானே. சில பெண்கள் எங்களைப் பார்த்துக் குலவை இட்டார்கள். ஒருத்தி என்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

அண்ணன் அரிவாளை என் கையிலிருந்து முறுக்கிப் பிடுங்கி வெட்டினார். தலைக்கு வந்ததை இடது கையால் தடுத்தேன். வலி தெரியவில்லை, கை கனம் குறைந்த மாதிரி இருந்தது. அடுத்த வெட்டு தோளில். பிறகுதான் சாமியாடி அவர்மேல் பாய்ந்தார். அது அம்மனா, மனிதரா, எனக்குத் தெரியாது. பிரம்பு பிளந்து நாராகிறவரை அடித்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் கடைசியாகக் கேட்டது வில்லில் விழுந்த அடிகளைத்தான்.

மற்றதை ஒரு ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். அண்ணன் மகள் அவருடைய ஆட்டோவில்தான் வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தாள், நான் எடுத்துக் கொடுத்த அந்தப் பச்சைச் சேலையைத்தான் கட்டியிருந்தாளாம். பாட்டு வெட்டுக்கு வந்தும் மைக் நிற்கவில்லை என்றதும் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். ஆனால் கோயிலைத் தாண்டித்தான் வழி, சத்தம் எலும்புக்குள் போகிற சத்தம். அந்தக் கஞ்சி என்கிற வார்த்தையில் அவள் கையை எடுத்துவிட்டாள். அவர் தோளைத் தட்டி, “அண்ணே, திருப்புங்க” என்றாள்.

என் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மீதி மூன்றும் மடங்காது. சேலையை விரித்துக் காட்ட முடியாமல் இப்போது கடையில் பில் போடும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பெரிய அண்ணன்மேல் என்னை வெட்டிய வழக்கு. சின்னவன்மேல் ஒன்றுமில்லை. கொடைக்கு மறுநாளே அவன் அந்தக் குழியில் ஒரு தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்து நட்டுவிட்டான். நல்ல ரகம், நன்றாகவே வளர்கிறது என்று கேள்வி.

அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறையொன்றும் இல்லை, கழுத்து நிற்கிறதற்கு முன்பே சிரிக்கிறதாம். அவள் எப்போதாவது என்னைக் கூப்பிடுவாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைப்பேன், ஆனால் பேச்சு வேறு எங்கோ சுற்றும். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். நாகர்கோவிலில் நான் எடுத்திருக்கிற ஒற்றை அறையில் அப்போது மைனியும் இருந்தாள். சந்தைக்கு என்று சொல்லிவிட்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவாள், எனக்குத் தேங்காய் உடைத்துத் துருவி வைத்துவிட்டுப் போவாள். ஒரு கையால் எனக்கு அது முடியாது. அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தேன்.

“அத்தை, அப்பா ஜாமீன்ல வந்துட்டாரு.”

“தெரியும்.”

“பேத்தியப் பாக்கணும்னு கூப்பிட்டாரு. அழுதாரு. நான் நாளைக்குப் போறேன்.”

“ஏட்டி, உனக்குக் கண்ணு இல்லையா? என் கையப் பாத்தியா நீ?”

“வெட்டினது உங்களைத்தானே அத்தை. என்னத் தொடல்லியே. கொடைல மானத்த வாங்கினா யாருக்கும் கோவம் வரும். அன்னைக்கு நான் போயிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது, நீங்கதான் பாட்டையும் எங்க அப்பாவையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டிய. நான் அப்பாவ அப்படி நெனச்சதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு.”

குழியைச் சொன்னேன். அங்கே தென்னைதானே நிற்கிறது என்றாள். கத்தியைச் சொன்னேன். எந்த வீட்டில் கத்தி தீட்டாமல் இருக்கிறார்கள் என்றாள். அவள் கேட்பதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. நடக்காத கொலைக்கு எந்தச் சாட்சியைக் கொண்டுவர முடியும். அவளுக்கு அப்பா வேண்டும். அழுகிற ஒரு அப்பா கிடைத்தால் அதற்காக அவள் எதையும் மறந்துவிடுவாள். எனக்கும் அன்றைக்குச் சேலை எடுக்கும்போது அப்படித்தான் இருந்தது. நான் கத்தினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன், கெஞ்சினேன். அவள் “சரி அத்தை, வைக்கட்டா?” என்றாள்.

துருவுகிற சத்தம் நின்றிருந்தது. மைனி எழுந்து வந்து போனின் முன்னால் குந்தினாள். எங்கே பார்த்துப் பேச வேண்டும் என்று தெரியாமல் வெளிச்சத்தைப் பார்த்துப் பேசினாள்.

“மக்கா, நான் அம்மையாக்கும்.”

மைனி இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

“அன்னைக்கு எனக்கு ஒரு நோயும் இல்ல. உங்க அப்பா படுக்கச் சொன்னாரு, படுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுதான் படுத்தேன். உன் அத்தை போன பொறவு உன் சித்தப்பன் கதவுக்குப் பொறத்த கத்தியோட நின்னான். நீ கட்டில்கிட்ட வந்து குனியும்போதுன்னு பேச்சு.”

“அம்மா.”

“நாளைக்கு வராதே. நான் சாகக் கிடக்கேன்னு சொன்னாலும் வராதே. நான் செத்துட்டேன்னு சொன்னாலும் வராதே. கொள்ளி வைக்க ஆளு உண்டு. நீ வராண்டாம்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் போனை அணைக்கத் தெரியாது. நானும் அணைக்கவில்லை. மறுமுனையில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. மைனி அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு தரையில் குனிந்து, போனில் காதை வைத்துக்கொண்டாள்.